பழைய ஃபோர்ட்ரான் நிரலை முழுவதும் மாற்றி எழுத வேண்டுமா?

கேள்வி: காற்று மாசு பரவலைக் கணக்கிடும் ஆய்வுக் குழு ஒன்றில் பணியாற்றுகிறேன். எங்கள் கணிப்பு மாதிரியின் உட்பகுதி ஃபோர்ட்ரான் 77 என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்டது. எழுதியவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவமாக மாற்றும் ஜிசிசி கம்பைலரைப் புதுப்பித்ததும், இதுவரை எச்சரிக்கைகளோடு ஓடிய நிரல் கம்பைல் ஆகவே மறுத்தது. தேடிப் பிடித்த ஓர் ஆப்ஷனைச் சேர்த்த பிறகு ஓடுகிறது, ஆனால் விடைகளின் கடைசி இலக்கங்கள் மாறியிருக்கின்றன. வரைபடத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்துக்குமான வேதிவினைக் கணக்கை, வேலையைப் பல த்ரெட்டுகளில் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகளில்) பகிரும் ஓபன்எம்பி வழியாக இணையாக ஓட்டினால் சில நேரங்களில் முற்றிலும் தவறான விடை வருகிறது. பைத்தானிலிருந்து இதை அழைக்க வேண்டிய தேவையும் வந்துள்ளது. பைத்தானின் அறிவியல் கணக்கு நூலகமான சைபையே தன் ஃபோர்ட்ரான் நிரல்களைக் கைவிட்டு வருவதால் நாமும் அனைத்தையும் சி++-இல் புதிதாக எழுதிவிடலாம் என்கிறார் சக ஆய்வாளர் ஒருவர். அவர் சொல்வது சரியா?

பதில்: முழுவதையும் மாற்றி எழுத வேண்டாம். நீங்கள் பட்டியலிட்ட தொல்லைகளில் எதுவுமே ஃபோர்ட்ரான் என்ற மொழியால் வந்ததாகத் தெரியவில்லை. நிரலை எழுதியவர்கள் அன்றைய கம்பைலரையும் அன்றைய கணினியையும் நம்பி, எழுத்தில் சொல்லாமலே வைத்துக்கொண்ட அனுமானங்கள்தாம் இன்று ஒவ்வொன்றாக உடைகின்றன. அவற்றைக் கண்டுபிடிக்காமல் சி++-க்குப் போனால் அதே அனுமானங்கள் புதிய மொழியிலும் தொடரும். அல்லது பல ஆண்டு ஓட்டங்களில் சரிபார்க்கப்பட்ட எண்கணித நுட்பங்கள் யாருக்கும் தெரியாமல் தொலைந்துபோகும்.

முதல் வேலை, உங்கள் கோப்புகளில் எது உங்கள் குழுவுடையது, எது பிறரிடமிருந்து நகலெடுக்கப்பட்டது என்று பிரிப்பது. அந்தக் காலத்தில் நூலகங்களை இணைத்து அனுப்பும் வசதி குறைவாக இருந்ததால், தேவையான துணைநிரலைப் பிரதியெடுத்துத் தங்கள் நிரலோடு சேர்த்துவிடுவதே வழக்கமாக இருந்தது. துணைநிரல்களின் பெயர்களை எடுத்து, 1985 முதல் இயங்கிவரும் நெட்லிப் என்ற எண்கணித நிரல் களஞ்சியத்தில் தேடுங்கள். லின்பேக், ஐஸ்பேக், ஓடிஇபேக், மின்பேக், குவாட்பேக், ஸ்லேடெக் ஆகிய பழைய எண்கணித நூலகங்களின் பெயர்கள் வரிசையாக வரும் என்று எதிர்பார்க்கிறேன். பெயர் கிடைத்ததும் உங்கள் பிரதியை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேறுபாடு இல்லையென்றால் அது உங்கள் பராமரிப்புச் சுமையிலிருந்து நீங்கிவிடுகிறது. வேறுபாடு இருந்தால் அதை யாரோ ஒரு காரணத்துக்காகவே செய்திருப்பார்கள். அந்தக் காரணம் தெரியும்வரை அதைத் தொடக் கூடாது.

நகலெடுத்த பகுதிகளுக்குப் பதிலாக இன்று பராமரிக்கப்படும் நூலகங்களை இணைக்கலாம். அணிக் கணக்குகளுக்காக 1979-இல் வந்த லின்பேக்கின் இடத்தை 1992-இல் வெளியான லேபேக் எடுத்துக்கொண்டது. ஓபன்ப்ளாஸ் போன்றவை அதை இன்றைய செயலிகளுக்கு ஏற்ற வேகத்தோடு தருகின்றன. இந்த மாற்றத்தில் உங்கள் நிரலுக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. வேதிவினைகளுக்கு நீங்கள், வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஓடிஇபேக்கின் எல்சோடாவையோ அதன் உறவுகளில் ஒன்றையோ பயன்படுத்துகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அங்கே ஜக்கோபி அணியிலிருந்து (வினை வேகங்களின் வகைக்கெழுக்கள் அடங்கிய அணி) அமையும் அணியைக் காரணிப்படுத்தும் லின்பேக்கின் டிஜிஇஎஃப்ஏ ஒரு துணைநிரலிலிருந்து அழைக்கப்படுகிறது. அந்தக் காரணிகளைக் கொண்டு சமன்பாட்டைத் தீர்க்கும் டிஜிஇஎஸ்எல் வேறொரு துணைநிரலிலிருந்து, பல படிகள் கழித்தும்கூட, அழைக்கப்படுகிறது. லேபேக்கில் இவற்றுக்கு இணையானவை டிஜிஇடிஆர்எஃப், டிஜிஇடிஆர்எஸ். லின்பேக் கீழ்முக்கோணப் பெருக்கிகளை எதிர்க்குறியோடு சேமிக்கிறது; பின்னர் நிகழும் நிரை இடமாற்றங்களை, ஏற்கெனவே சேமித்துவிட்ட பெருக்கிகளுக்கு அது செய்வதில்லை. லேபேக்கோ குறியை மாற்றாமல், எல்லா இடமாற்றங்களையும் முழுமையாகச் செய்து வைக்கிறது. எனவே இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் கம்பைலர் எந்தப் புகாரும் சொல்லாது, நிரல் ஓடும், விடை மட்டும் தவறாக வரும். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அதோடு, மாற்றுவது இங்கே தேவையா என்றும் யோசியுங்கள். லேபேக்கின் வேகம் அணியைத் தொகுதிகளாகப் பிரித்துக் கையாளுவதிலிருந்து வருவது. ஒரு கட்டத்தில் சில பத்து வேதிப்பொருள்கள் மட்டும் உள்ள கணக்கில் அணி மிகச் சிறியது. அங்கே ஆதாயம் ஏறக்குறைய இல்லை. மாறாக, ஓபன்எம்பி வளையத்துக்குள் ஓபன்ப்ளாஸும் தன் பங்குக்கு த்ரெட்டுகளை உருவாக்கத் தொடங்கினால் வேகம் குறையவே செய்யும். அப்படி இணைத்தால் ஓபன்ப்ளாஸின் த்ரெட் எண்ணிக்கையை ஒன்றாக நிறுத்திவையுங்கள். பெரிய அணிகளைக் கையாளும் இடங்களுக்கு மட்டும் லேபேக்குக்குப் போவதே என் பரிந்துரை.

பெரிய அணிகள் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். வழக்கமான முழுஎண் 32 பிட்டுகள் கொண்டது. அதன் உச்சம் 2,147,483,647. பணியிட அரேயின் (எண் வரிசையின்) அளவை N × N என்று கணக்கிடும் நிரலில், அணியின் பரிமாணம் 46,341-ஐத் தொட்டதும் அந்தப் பெருக்கல் உச்சத்தைத் தாண்டிவிடும். எழுதப்பட்ட காலத்தில் அத்தனை பெரிய அணியை யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். 64 பிட் முழுஎண்களுக்கு மாறுவதென்றால், இணைக்கும் லேபேக்கும் அதே அகல முழுஎண்களோடு கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். இரண்டும் கலந்தால் நினைவகம் குழம்பும்.

கோப்புகளில் டி1மாக் என்ற சார்பு இருக்கிறதா என்று உடனே பாருங்கள். கணினியின் மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண், எண்களுக்கு இடையிலான ஒப்பு இடைவெளி ஆகியவற்றைத் தரும் சார்பு இது. பழைய பிரதிகளில் ஒவ்வொரு கணினி வகைக்கும் ஒரு தொகுதி மாறிலிகள் குறிப்புரைகளாக எழுதப்பட்டிருக்கும். பயனர் தன் கணினிக்குரியதை மட்டும் உயிர்ப்பித்துக்கொள்ள வேண்டும். இரட்டைத் துல்லிய எண் ஒன்று அங்கே இரண்டு முழுஎண்களாக எழுதப்படும். ஒப்பு இடைவெளியான 2.22×10⁻¹⁶ என்பதற்கு 1018167296, 0 என்ற இணை ஒரு வகைக் கணினிக்கும், அதையே தலைகீழாக எழுதிய 0, 1018167296 என்ற இணை மற்ற வகைக்கும் உரியது. இன்றைய சாதாரண கணினிகளில் முதல் இணையை உயிர்ப்பித்துவிட்டால் ஒப்பு இடைவெளி ஏறத்தாழ 5×10⁻³¹⁵ என்று ஆகிவிடும். அந்த அளவுக்குப் பிழை குறையட்டும் என்று காத்திருக்கும் சுழல் நிற்கவே நிற்காது, அல்லது உச்ச எண்ணிக்கையைத் தொட்டுத் தோல்வி என்று அறிவிக்கும். இந்தச் சார்பின் உள்ளடக்கத்தை முழுவதும் நீக்கிவிட்டு, ஃபோர்ட்ரான் 90 தரும் எப்சிலான், டைனி, ஹியூஜ் என்ற உள்ளமைந்த சார்புகளால் நிரப்புங்கள். இது அரை மணி நேர வேலை. பயனோ மிகப் பெரியது.

இனி கம்பைலர் பிழைக்கு வருகிறேன். 2020-இல் வந்த ஜிசிசி 10 முதல், ஒரே துணைநிரலை ஓரிடத்தில் ஒரு வகை மாறியோடும் இன்னோரிடத்தில் வேறு வகை மாறியோடும் அழைப்பது பிழையாகக் கருதப்படுகிறது. நீங்கள் சேர்த்தது ‘அலௌ ஆர்குமென்ட் மிஸ்மேட்ச்’ என்ற ஆப்ஷனாக இருக்க வேண்டும். அது பிழையை எச்சரிக்கையாகத் தணிக்கிறது. இன்றைக்கு நிரல் ஓட அது போதும், ஆனால் அந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பெரும்பாலானவை, ஒரே பணியிட அரேயை ஓரிடத்தில் மெய்யெண்ணாகவும் மற்றோரிடத்தில் முழுஎண்ணாகவும் பயன்படுத்தும் பழைய சிக்கனமாக இருக்கும். அவற்றுக்கு நடுவே, ஒற்றைத் துல்லிய மாறியை இரட்டைத் துல்லியம் எதிர்பார்க்கும் துணைநிரலுக்கு அனுப்பும் உண்மையான தவறு ஒன்றிரண்டு ஒளிந்திருப்பது வழக்கம். துணைநிரல்களை மாட்யூல்கள் என்ற தொகுப்புகளுக்குள் கொண்டுவந்துவிட்டால் இந்தச் சரிபார்ப்பைக் கம்பைலரே முழுமையாகச் செய்துவிடும். தர்க்கத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

கடைசி இலக்கங்கள் மாறியதைப் பொறுத்தவரை, எத்தனையாவது இலக்கம் என்பதே முதல் கேள்வி. பதினைந்தாவது, பதினாறாவது இலக்கத்தில் மாற்றம் என்றால் அது இயல்பு. கூட்டல் வரிசை மாறியிருக்கலாம். பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்துச் செய்து ஒரே ஒரு முறை தோராயப்படுத்தும் கட்டளையைப் புதிய கம்பைலர் பயன்படுத்தியிருக்கலாம். ஏழாவது, எட்டாவது இலக்கத்திலேயே மாற்றம் தொடங்கினால் நிலைமை வேறு. நிரலில் 0.1 என்று எழுதப்பட்ட மாறிலி ஒற்றைத் துல்லியத்தில்தான் வாசிக்கப்படுகிறது. அதை இரட்டைத் துல்லிய மாறியில் இட்டால் 0.10000000149 என்றே நிற்கும். 0.1டி0 என்று எழுதினால்தான் முழுத் துல்லியம் கிடைக்கும். உங்கள் பழைய கட்டமைப்புக் கோப்பில் எல்லா மெய்யெண்களையும் இரட்டைத் துல்லியமாக்கும் ஆப்ஷன் ஒன்று இருந்து, புதுப்பிக்கும்போது அது விடுபட்டிருந்தால் இந்த அறிகுறிதான் தெரியும். பழைய கோப்பைத் தேடி எடுத்து ஒப்பிடுங்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. உங்கள் நிரலில் அதுவே நேர்ந்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். எல்சோடா போன்ற தீர்வுநிரல் தன் படியின் நீளத்தைத் தானே முடிவு செய்கிறது. பதினாறாவது இலக்கத்து மாற்றம்கூட, விளிம்பில் நிற்கும் ஒரு படியை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவை மாற்றிவிடலாம். அதன் பிறகு இரண்டு ஓட்டங்களும் வெவ்வேறு படிகளில் செல்லும். விடைகள் நீங்கள் கொடுத்த பிழை வரம்பின் அளவுக்கு வேறுபடும். ஒப்புப் பிழை வரம்பு 10⁻⁴ என்றால் நான்காவது, ஐந்தாவது இலக்கத்தில் வேறுபாடு தெரிவதில் குற்றமில்லை. இதை உறுதி செய்ய, வரம்பை நூறு மடங்கு இறுக்கி, பழைய கம்பைலரிலும் புதியதிலும் ஓட்டுங்கள். இரண்டு விடைகளுக்கும் இடையிலான வேறுபாடு அதற்கேற்பச் சுருங்கினால் கவலையை விடலாம். சுருங்கவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை அந்த விடைகளை எந்தக் கட்டுரையிலும் பயன்படுத்தக் கூடாது.

இணை ஓட்டத்தில் தவறான விடை வருவதுதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய செய்தி. காரணங்கள் இரண்டு இருக்கலாம். முதலாவது, காமன் பிளாக்குகள், அதாவது துணைநிரல்கள் பல பகிர்ந்துகொள்ளும் பொது நினைவிடங்கள். ஓடிஇபேக் தன் நடப்பு நிலையை, அதாவது படியின் நீளம், வரிசை எண், அடுத்து செய்ய வேண்டிய வேலை ஆகியவற்றை, டிஎல்எஸ்001 போன்ற காமன் பிளாக்கில் வைத்திருக்கிறது. நிரல் முழுவதற்கும் அது ஒன்றே ஒன்றுதான். இரண்டு த்ரெட்டுகள் இரண்டு கட்டங்களை ஒரே நேரத்தில் தீர்க்கும்போது, ஒன்றின் படி நீளத்தை மற்றது அழித்து எழுதுகிறது. ‘சில நேரங்களில்’ என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பது இதற்குப் பொருந்துகிறது, ஏனெனில் மோதல் நிகழ்வது நேரத்தைப் பொறுத்தது. ஒரே த்ரெட்டில் இரண்டு கணக்குகளை மாறி மாறி முன்னேற்றுபவர்களுக்காக, எல்சோடாவின் நிலையைச் சேமித்து மீட்டெடுக்கும் டிஎஸ்ஆர்சிஎம்ஏ என்ற துணைநிரலை ஓடிஇபேக்கே தருகிறது. ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்டுகளுக்கு அது உதவாது. காமன் பிளாக்கை அறிவிக்கும் ஒவ்வொரு துணைநிரலிலும், ஒன்றைக்கூட விடாமல், த்ரெட்பிரைவேட் என்ற ஓபன்எம்பி அறிவிப்பைச் சேர்த்தால் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிப் பிரதி கிடைக்கும்.

இரண்டாவது காரணம் இதைவிட நுட்பமானது. ஒரு துணைநிரலின் உள்மாறிகள், அது முடிந்து திரும்பிய பிறகும் தங்கள் மதிப்பை வைத்திருக்கும் என்று பழைய நிரலாளர்கள் பலர் நம்பினார்கள். சேவ் என்று அறிவித்தால்தான் அதற்கு உத்தரவாதம் என்று ஃபோர்ட்ரான் 77 தரநிலை சொன்னபோதும், அன்றைய கம்பைலர்கள் பல எல்லா மாறிகளையும் நிலையான இடத்திலேயே வைத்ததால் அந்த நம்பிக்கை பலித்தது. ஜிஃபோர்ட்ரானில் ஓபன்எம்பி ஆப்ஷனைச் சேர்த்த கணமே உள்மாறிகளும் உள் அரேக்களும் ஸ்டாக் என்ற தற்காலிக நினைவிடத்துக்குப் போய்விடுகின்றன. முன்பு நினைவில் நின்றது இப்போது நிற்பதில்லை. பெரிய அரே இருந்தால் ஸ்டாக் நிரம்பி நிரலே விழவும் கூடும். இதைச் சோதிக்க எளிய வழி, ஓபன்எம்பியோடு கம்பைல் செய்து ஒரே ஒரு த்ரெட்டில் ஓட்டுவது. அப்போதும் விடை தவறென்றால் காரணம் இந்த இரண்டாவது வகை. ஒரு த்ரெட்டில் எப்போதும் சரியாகவும் பல த்ரெட்டுகளில் மட்டும் தவறாகவும் வந்தால் காமன் பிளாக்குகளையும், சேவ் அல்லது டேட்டா அறிவிப்பு உள்ள மாறிகளையும் தேடுங்கள்.

இவற்றைத் திருத்த ஆள்பலம் இல்லையென்றால், த்ரெட்டுகளை விட்டுவிட்டு எம்பிஐ வழியாகத் தனித்தனிச் செயல்முறைகளாக ஓட்டுங்கள். ஒவ்வொரு செயல்முறைக்கும் தனி நினைவகம் இருப்பதால் காமன் பிளாக்குகள் மோதிக்கொள்வதில்லை. கட்டங்கள் ஒன்றையொன்று சாராத வேதிவினைக் கணக்குக்கு இது இயல்பாகப் பொருந்தும்; உங்கள் நிலையில் நான் இதையே முதலில் செய்திருப்பேன்.

எதைத் தொடுவதற்கு முன்பும் சோதனைத் தொகுப்பு ஒன்று வேண்டும். பழைய கம்பைலர் இன்னும் ஏதேனும் கணினியில் இருந்தால், முக்கியத் துணைநிரல்கள் ஒவ்வொன்றுக்கும் உள்ளே போகும் மதிப்புகளையும் வெளியே வரும் மதிப்புகளையும் கோப்புகளில் சேமித்துக்கொள்ளுங்கள். அவற்றோடு இயற்பியல் சரிபார்ப்புகளையும் சேருங்கள்: வேதிவினையில் அணுக்களின் மொத்தம் மாறக் கூடாது, செறிவு பிழை வரம்பைத் தாண்டி எதிர்மறையாகக் கூடாது. அரே எல்லைகளைச் சோதிக்கும் ஆப்ஷனோடும், தொடக்க மதிப்பு தரப்படாத மெய்யெண்களில் செல்லாத எண்ணை நிரப்பும் ஆப்ஷனோடும் ஒரு முறையேனும் ஓட்டுங்கள். அரேயின் கடைசிப் பரிமாணத்தை 1 என்று அறிவித்திருக்கும் பழைய துணைநிரல்களில் எல்லைச் சோதனை பொய்யான புகார்களைத் தரும். அந்த 1-ஐ நட்சத்திரக் குறியாக மாற்றினால் போதும். பூஜ்ஜியத்தால் வகுத்தால் நிரலை நிறுத்தும் ஆப்ஷனையும் போட்டீர்களானால், லேபேக்கின் ஐஇஇஇசிகே என்ற துணைநிரலுக்குள் நின்றுவிடக்கூடும். கணினியின் எண்கணிதம் தரநிலைப்படி நடக்கிறதா என்று பார்க்க அது வேண்டுமென்றே பூஜ்ஜியத்தால் வகுக்கிறது, அது பிழையல்ல.

பைத்தான் இணைப்புக்கு, உள்ளே இருக்கும் துணைநிரல்களை நேரடியாக வெளியே காட்டாமல், ஃபோர்ட்ரான் 2003 தந்த சி-இணைப்பு வசதியைப் பயன்படுத்தி மெல்லிய உறைநிரல் ஒன்றை எழுதுங்கள். உறையின் வழியே எண்களும் அரேக்களும் மட்டும் போகட்டும், எழுத்துச் சரங்கள் வேண்டாம். சரம் ஒன்றை ஃபோர்ட்ரானுக்கு அனுப்பும்போது அதன் நீளமும் மறைவாகச் செல்கிறது. அந்த நீளத்தின் அகலத்தை ஜிசிசி 8 மாற்றியது. லேபேக்கின் ஓரெழுத்து வாதங்களுக்கு அந்த மறைவான நீளத்தை அனுப்பாமலே சி நிரல்கள் பல ஆண்டுகள் தப்பித்துவந்தன. 2019-இல் புதிய கம்பைலரின் உகப்பாக்கத்தால் ஆர் என்ற புள்ளியியல் மொழியைப் பராமரிப்பவர்கள் அதன் விளைவை எதிர்கொள்ள நேர்ந்தது. ஃபோர்ட்ரானைப் பைத்தானோடு இணைக்கும் எஃப்2பை கருவியைப் பயன்படுத்தினால், பைத்தானின் நம்பை நூலக அரேக்களை ஃபோர்ட்ரான் வரிசையிலேயே (நெடுவரிசை வாரியாக) உருவாக்குங்கள். இல்லையென்றால் உள்ளீட்டு அரே ஒவ்வோர் அழைப்பிலும் ஓசையின்றிப் பிரதியெடுக்கப்படும். பைத்தான் 3.12 முதல் டிஸ்ட்யூடில்ஸ் என்ற பழைய கட்டமைப்புக் கருவி நீக்கப்பட்டுவிட்டதால் அதன் இடத்தில் மெஸன் தேவைப்படும். ஸ்டாப் என்ற கட்டளையையும் தேடி நீக்குங்கள். லேபேக்கின் எக்ஸ்எர்பிஎல்ஏ, ஓடிஇபேக்கின் பிழை அறிவிப்பு நிரல் இரண்டிலும் அது உண்டு. தனி நிரலாக ஓடியபோது அது பொருத்தமானதே. பைத்தானுக்குள் அது பயனரின் அமர்வையே கொன்றுவிடும். அதன் இடத்தில் பிழை எண் திரும்பி வரட்டும்.

உங்கள் சக ஆய்வாளர் சொல்லும் சைபை எடுத்துக்காட்டு உண்மைதான், ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவை நான் ஏற்கவில்லை. எண்ணற்ற கணினிகளில், ஃபோர்ட்ரான் கம்பைலர் எளிதில் அமையாத இயங்குதளங்களிலும் நிறுவப்பட வேண்டிய நூலகம் அது. அந்தச் சுமை உங்களுக்கு இல்லை. அவர்களும் துணைநிரல் துணைநிரலாக, ஏற்கெனவே இருந்த விரிவான சோதனைகளின் துணையோடு, ஆண்டுக்கணக்கில் அதைச் செய்துவருகிறார்கள். கணிதவியலாளர் பவலின் உகப்பாக்க நிரல்களைப் புதுப்பித்த பிரைமா திட்டமும் முதலில் நவீன ஃபோர்ட்ரானில் எழுதி, மூல நிரல்களோடு விடாமல் ஒப்பிட்டுத்தான் முன்னேறியது. அந்த ஒப்பீட்டின் வழியாகவே மூலத்தில் இருந்த முடிவில்லாச் சுழல் போன்ற பிழைகளும் தெரியவந்தன.

உங்கள் நிரலில் மாற்றி எழுதத் தக்கவை, உள்ளீட்டுக் கோப்பைப் படிக்கும் பகுதி, வெளியீட்டை எழுதும் பகுதி, ஓட்டத்தை நிர்வகிக்கும் முதன்மை நிரல் ஆகியவை. இவற்றைத் தயங்காமல் பைத்தானுக்குக் கொண்டுபோகலாம். நடுவிலுள்ள எண்கணிதத்தை நவீன ஃபோர்ட்ரானுக்குப் படிப்படியாக உயர்த்துங்கள்: முதலில் எல்லா மாறிகளையும் அறிவிக்கக் கட்டாயப்படுத்தும் இம்ப்ளிசிட் நன், பின்பு மாட்யூல்கள், பின்பு காமன் பிளாக்குகளுக்குப் பதிலாக வாதமாக அனுப்பப்படும் ஒரு நிலை மாறி. ஓட்டத்தை வேறு வரிக்குத் தாவச் செய்யும் கோடூக்களை அவிழ்ப்பது கடைசியில்தான், அதுவும் அந்தத் துணைநிரலைத் திருத்த வேண்டிய வேறு காரணம் இருந்தால் மட்டும்.

நிரலை வெளியே பகிரும் எண்ணம் இருந்தால், நகலெடுத்த பகுதிகளின் உரிமத்தையும் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். லேபேக் தாராளமான பிஎஸ்டி வகை உரிமத்தில் வருகிறது. ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் இதழில் வெளியான அல்காரிதங்கள் பலவற்றுக்கோ அனுமதியில்லாத வணிகப் பயன்பாட்டுக்குத் தடை உண்டு. அத்தகைய பகுதி இருந்தால், பகிர்வதற்கு முன் அதற்கு மாற்றைக் கண்டுபிடியுங்கள், அல்லது முறையான அனுமதியைப் பெறுங்கள்.